‘ஷட்டர் ஓகே’ அருளிய தம்புரானுக்கு

கடல் கடந்து எழுந்தருளியிருக்கும் கேமரா கம்பெனித் தம்புரான் திருச்சமூகத்துக்கு, திருவனந்தபுரம் கரமனையிலிருந்து அடியேன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம். தாங்களும் தங்கள் லென்சுகளும் பூஞ்சை பிடிக்காமல் நலமாயிருக்கப் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் பேனாவைத் தொட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை தங்கள் சர்வீஸ் சென்டரில் எனக்குத் தரிசனம் வாய்த்தது. டோக்கன் எண் 14. முக்கால் மணி நேரம் ஏ.சி.யில் உட்கார வைத்தீர்கள். இந்த ஊர்ப் புழுக்கத்தில் அதுவே பெரிய உபகாரம். கவுண்டரில் இருந்த தம்பி, நான் பழையதாக வாங்கிய கேமராவைக் கையில் எடுத்து, வயரைச் சொருகி, அதன் ஷட்டர் இதுவரை எத்தனை முறை திறந்து மூடியிருக்கிறது என்று கணினியில் பார்த்தார். அவர் புருவம் மெல்ல மேலே ஏறியது. “கல்யாண வர்க் எடுத்ததாணோ சாரே?” என்றார். நான் எட்டிப் பார்ப்பதற்குள் திரையை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்.

“எத்தனை ஆச்சு தம்பி?”

“அது பறயான் பற்றில்லா சாரே. கம்பெனி பாலிசி.”

பரிசோதனைக் கட்டணம் ஜி.எஸ்.டி.யோடு 590 ரூபாய். ரசீதில் டோக்கன் எண், ரசீது எண், சீரியல் எண், தங்கள் ஜி.எஸ்.டி. எண் எல்லாம் இருக்கின்றன. நான் கேட்ட எண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டே சொல்: ஷட்டர் ஓகே.

தம்புரானே, எங்கள் ஊர் பத்மநாப சுவாமி கோயிலைத் தாங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2011-இல் ஏ நிலவறையைத் திறந்தார்கள், உள்ளே இருந்த புதையலைப் பார்த்து உலகமே வாயைப் பிளந்தது. பி நிலவறை மட்டும் மூடிய கதவோடு நிற்கிறது. நாகபந்தம் போட்டிருக்கிறது, கருட மந்திரம் தெரிந்தவன் வந்தால்தான் திறக்கும் என்று இங்கே ஆட்டோக்காரர்கூடச் சொல்வார். அப்படிப்பட்ட ஊருக்கு இன்னொரு பி நிலவறையை, அதுவும் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரியும் வசதியோடு, செய்து அனுப்பிய தங்கள் கருணையை என்னவென்பது!

தங்கள் விளம்பரத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஷட்டர் இரண்டு லட்சம் முறை திறந்து மூடும் வரை சோதிக்கப்பட்டது என்று பெருமையாக அச்சடித்திருக்கிறீர்கள். ஆக எண்ணத் தெரியாதவர் அல்லர் தாங்கள். விற்கிற அன்று ஊரைக் கூட்டிச் சொல்கிற எண், அது எவ்வளவு தீர்ந்தது என்று கேட்கிற அன்று அரண்மனை ரகசியம் ஆகிவிடுகிறது. பாப்பனங்கோட்டில் பழைய ஸ்கூட்டர் விற்பவன்கூடக் கிலோமீட்டரைக் காட்டித்தான் பொய் சொல்கிறான். பொய் சொல்லவாவது ஒரு எண் வேண்டாமா?

எனக்கு விற்றவர் நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். மகனின் பள்ளி ஆண்டு விழாவுக்கு மட்டும் எடுத்தது என்றார். கடைசிப் படத்தின் கோப்பு எண்ணைக் காட்டினார்: 2314. “மொத்தமே இவ்வளவுதான் எடுத்திருக்கேன்.” 9999 வரை போனால் அந்த எண் மறுபடி 0001-க்கு வந்துவிடும் என்பதும், மெனுவில் நினைத்தபோது அதைத் திருப்பி வைக்கலாம் என்பதும் பணம் கொடுத்த பிறகு பக்கத்து வீட்டுப் பையன் சொல்லித் தெரிந்துகொண்டேன். முன்கூட்டி ஒரு மாதிரிப் படம் கேட்டிருந்தேன், வாட்ஸ்அப்பில் அனுப்பினார். படத்துக்குள் ஒட்டியிருக்கும் விவரமெல்லாம் அங்கேயே உதிர்ந்து, வெறும் படம் வந்து சேர்ந்தது. உதிராமல் வந்திருந்தாலும் என்ன? தங்கள் படத்தில் அந்த எண் இருக்காதே. நிக்கான்காரர்கள் படத்துக்குள்ளேயே இந்தக் கணக்கை எழுதி அனுப்புகிறார்களாம், என்ன இங்கிதமில்லாத ஜாதி. பானசோனிக்கில் சில பொத்தான்களை ஒரு வரிசையில் அமுக்கினால் மறைவான திரை ஒன்று எழும்பி எண்ணைச் சொல்லிவிடும். அவர்களிடம் கருட மந்திரமாவது இருக்கிறது. தங்கள் நிலவறைக்கு அதுவும் கிடையாது.

மின்னணு ஷட்டரில் எடுத்தால் தகடு அசையாது, தேய்மானம் இல்லை, ஆகவே எண்ணிக்கைக்கு அர்த்தமில்லை என்று தங்கள் தரப்பில் ஒரு வாதம் உண்டு. ஒப்புக்கொள்கிறேன். நிக்கான் 2021-இல் இசட்-9 என்று ஒரு கேமராவில் இயந்திர ஷட்டரையே எடுத்துவிட்டது. ஆனால் என்னுடையதில் தகடு இருக்கிறது, தம்புரானே. ஒவ்வொரு அமுக்கலுக்கும் ‘சடக்’ என்கிறது. ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் சடக் என்று என் போட்டோகிராபர் நண்பர் கணக்குச் சொல்கிறார். அறுபத்தேழு கல்யாணத்தில் இரண்டு லட்சம் தீர்ந்தது. இங்கே சிங்க மாதம், அதாவது ஆவணி, பிறந்தால் கல்யாண மண்டபம் கிடைக்காது. இரண்டு மூன்று சிங்கம் பார்த்த கேமரா என்றால் என் கையில் இருப்பது கேமராவா, சஷ்டியப்தபூர்த்தி முடிந்த கிழமா?

எண்பத்திரண்டாயிரம் ரூபாய். சீட்டு எடுத்த பணம். மனைவி வாஷிங் மெஷின் கேட்டாள், அடுத்த சீட்டில் ஆகட்டும் என்றேன். பொருள் என்னுடையது, அதன் உள்ளே இருக்கும் எண் என்னுடையது, அதைப் பார்க்கக் காசும் கொடுத்தேன். இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் பார்த்துப் புருவத்தைத் தூக்குவான், நான் பார்க்கக்கூடாது. இது பாலிசி இல்லை, திமிர்.

மன்னிக்க வேண்டும். பவ்யம் ஒரு கணம் கைநழுவிவிட்டது. கேமரா கைநழுவினால் தங்கள் வாரண்டி செல்லாது. கடிதத்துக்குச் செல்லும் என்று நம்புகிறேன்.

பி நிலவறைக்கே வருகிறேன். உச்ச நீதிமன்றம் நியமித்த முன்னாள் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் வினோத் ராய் 2014-இல் ஒரு அறிக்கை கொடுத்தார். யாரும் திறக்காத கதவு என்று ஊர் நம்பிக்கொண்டிருந்ததை, 1990 முதல் ஏழு முறையாவது திறந்திருக்கிறார்கள் என்று அதில் எழுதிவைத்தார். வெளி அறையைத்தான் திறந்தோம் என்று அரச குடும்பம் சொன்னது. வழக்கு அது, எனக்கெதற்கு. ஆனால் கவுண்டரில் அந்தப் புருவம் ஏறியபோது எனக்கு அந்த அறிக்கைதான் நினைவுக்கு வந்தது. நாகமெல்லாம் எனக்குத்தான், தங்கள் ஆட்கள் தினமும் உள்ளே போய்த் தூசி தட்டிவிட்டு வருகிறார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை இந்தக் கேமராவை வாங்கலாமா என்று பார்க்க நெய்யாற்றின்கரையிலிருந்து ஒருவர் வருகிறார். முதல் கேள்வி என்னவாயிருக்கும் என்று தங்களுக்குத் தெரியும். தங்கள் ரசீதை நீட்டி, ‘ஷட்டர் ஓகே’ என்று சொல்வதாக இருக்கிறேன். தங்கள் கையெழுத்து அல்லவா, அவர் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் வேறென்ன செய்வார்?

அந்த ரசீதை இதே கேமராவில் படம் எடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன். அது எத்தனையாவது படம் என்று நம் இருவரில் ஒருவருக்குத் தெரியும்.

இப்படிக்கு,
டோக்கன் எண் 14