கேட்டுக்கு இடப்பக்கம்

பொங்கலுக்கு அடித்த பெயின்ட், இன்னும் வாசனைகூடப் போகவில்லை. போன வியாழக்கிழமை காலை பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தால், கேட்டுக்கு இடப்பக்கச் சுவரில் முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் என்னை முறைக்கிறார். மேலே 'இமயம் சரிந்தது', கீழே 'கண்ணீர் அஞ்சலி'.

சுவரில் போஸ்டர் ஒட்டவிடாமல் தடுக்க அருமையான வழி ஒன்று இருக்கிறது. சொல்கிறேன். அதற்கு முன் இந்தப் பெரியவர் சமாச்சாரத்தை முடித்துவிடுகிறேன்.

கேட்டை ஒட்டி இருந்ததால் சாவு எங்கள் வீட்டில்தான் என்று தெரு தீர்மானித்துவிட்டது. தினமும் பேப்பரை வீசி எறிகிற பையன் அன்றைக்கு இறங்கி வந்து கையில் கொடுத்தான். எதிர்வீட்டில் டிவி சத்தம் நின்றது. இஸ்திரிக்காரர் மெதுவாக வந்து, "அப்பாங்களா சார்?" என்றார்.

"இல்லைங்க, யாரோ."

"அப்படிச் சொல்லாதீங்க சார். என்ன மனஸ்தாபம் இருந்தாலும் போனவரு போயிட்டாரு."

பத்து மணிக்கு உசிலம்பட்டியிலிருந்து மாலையும் கையுமாக ஒருவர் வந்து இறங்கினார். பந்தல் இல்லை, நாற்காலி இல்லை, லுங்கியோடு நான் மட்டும் நிற்கிறேன். "அதுக்குள்ள எடுத்துட்டீங்களா?" என்று கோபித்துக்கொண்டார். விசாரித்து அடுத்த தெருவுக்கு வழி சொன்னேன். துக்க வீட்டு வழக்கப்படி 'வர்றேன்' என்று சொல்லாமல் போனார். அதற்குள் யாரோ சுவரைப் படம் பிடித்து அனுப்பி, மதியம் என் மைத்துனி போனிலேயே ஓவென்று அழ ஆரம்பித்தாள். யார் என்று கேட்டுவிட்டு அழக்கூடாதா?

கிழித்தெறிய வேண்டியதுதானே என்பீர்கள். துக்கப்படுபவர்கள் வரிசையைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பெரியவர் படம் உள்ளங்கை அளவு. பேரன்கள் ஒவ்வொருவரும் முறத்தளவு. ஒருவர் கூலிங் கிளாஸோடு, இன்னொருவர் போனில் பேசிக்கொண்டே துக்கம் அனுசரிக்கிறார். நாலு பேர் ஜிம்முக்குப் போகிறவர்கள் என்று புஜமே சொல்கிறது. யார் கை வைப்பது? வைத்தாலும் வராது. மைதாவைக் கூழாகக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்ட பசை அது. பிய்த்தால் பெயின்டோடு வரும். பெரியவரின் மூக்கு மட்டும் சுவரில் நிற்கும். பதினாறாம் நாள் காரியத்துக்கு அவர் மேலேயே அவரை ஒட்டுவார்கள். அடுத்த வருஷம் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. நடுவில் கொள்ளுப்பேத்திக்குக் காதுகுத்து வந்தால் தாய்மாமன்கள் வேறு வருவார்கள். அந்தக் குடும்பத்தின் நல்லது கெட்டது எல்லாம் இனி என் சுவரில்தான். ஒரு வாய் சாப்பாட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. திறந்தவெளி இடங்களை அலங்கோலப்படுத்தக் கூடாதென்று நம் மாநிலத்தில் 1959-லேயே போட்டாயிற்று. தேர்தல் போஸ்டரில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு; எறும்பு சைஸில் போடுகிறார்கள். சுவர்க்காரன் பெயரைப் போடச் சொல்லி ஒரு பிரிவும் இல்லை. பாரிஸில் 'ஒட்டாதே' என்று எழுதி, கூடவே 1881 ஜூலை 29 சட்டம் என்று தேதியையும் சுவரிலேயே பொறித்திருப்பார்கள். அது பத்திரிகைச் சுதந்திரத்துக்கு வந்த சட்டம் என்பது தனி வேடிக்கை. நான் 1959 என்று எழுதினால் வீடு கட்டின வருஷம் என்று நினைத்துக்கொள்வார்கள். சாமி படம் போட்ட டைல்ஸ் பதிக்கலாம் என்றாள் மனைவி. அது ஒதுங்க வருகிறவர்களுக்குத்தான் சரிப்படும். போஸ்டர்காரர் பிள்ளையாரைத் தொடாமல் சுற்றிலும் கச்சிதமாக ஒட்டிவிட்டு, கன்னத்திலும் போட்டுக்கொண்டு போவார்.

நேற்று ராத்திரி ஒரு மணிக்கு வெளியே வாளி சத்தம். இன்றைக்கு விடுவதில்லை என்று கதவைத் திறந்தேன். டிவிஎஸ் ஃபிஃப்டியில் கத்தையாகப் போஸ்டர். ஒல்லியாக ஒரு பையன், முழங்கை வரை பசை. இம்முறை கேட்டுக்கு வலப்பக்கம், பூப்புனித நீராட்டு விழா. நான் வாயைத் திறப்பதற்குள், "நல்லவேளை வந்தீங்க சார். அந்த கேட் லைட்டைக் கொஞ்சம் போடுங்க, கோணலா ஒட்டினா பார்ட்டி காசு குடுக்க மாட்டாங்க" என்றான்.

போட்டேன். "இடது ஓரம் ஒரு இஞ்ச் ஏறியிருக்கு தம்பி" என்றும் சொன்னேன்.