411-ஆ, 200-ஆ?

கேள்வி: வார இறுதியில் மண் பாதையில் ஓட்ட பழைய பைக் தேடுகிறேன். 411 சிசி ஹிமாலயனா, 200 சிசி எக்ஸ்பல்ஸா?
– வாசகர், சேலம்

பதில்: சேற்றில் சாய்ந்தால் தனியாளாக எதைத் தூக்குவீர்கள்? ஹிமாலயன் பின்னாளில் 190 கிலோவைத் தாண்டிவிட்டது, எக்ஸ்பல்ஸ் 160-க்குள். உங்கள் முதுகுக்கு சிசி கணக்கு புரியாது, கிலோ கணக்கு நன்றாகப் புரியும். லடாக் போகிறவருக்கு 411. ஏற்காட்டு அடிவாரத்துக்கு 200 தாராளம்.

டேங்க் பளபளப்பில் மயங்காமல் குனிந்து பாருங்கள். முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு, தளர்ந்த ஸ்போக்ஸ், இன்ஜினுக்கு அடியில் நசுங்கிய தகடு... “ஆபீசுக்கு மட்டும்தான் ஓட்டினேன் சார்” என்பார் விற்பவர். ஆபீஸ் பாறை மேல் இருந்திருக்கும்! இன்ஜின் ஆறியிருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். மிச்சப் பணத்தில் நல்ல பூட்ஸ் வாங்குங்கள். காப்புக்காட்டுக்குள் மட்டும் அனுமதியில்லாமல் நுழையாதீர்கள். வண்டி வனத்துறைக்குப் போய்விடும்.