மாணவர் குறும்படத்தில் மின்விசிறியும் வயலினும்: ஒரு முன்னாய்வு

மாணவர் குறும்படங்களில் பின்னணி இசை ஏன் இத்தனை தாராளமாக ஓடுகிறது என்னும் வினா தமிழாய்வில் உரிய இடம் பெறவில்லை. நாயகன் பல் துலக்கினால் வயலின். பேருந்துக்குக் காத்திருந்தால் பியானோ. ஊரிலிருந்து அம்மா போன் செய்தால் இரண்டும். இளைஞர் உள்ளத்தின் மென்மையே இதற்குக் காரணம் என்பர் ஒரு சாரார். அக்கூற்றை இவ்வாய்வு ஏற்கவில்லை. அந்தச் சோக வயலின் பிறக்குமிடம் கதையல்ல, கூரையில் தொங்கும் மின்விசிறி. இதுவே நம் கருதுகோள்.

ஆய்வெல்லை: சென்னையில் விஸ்காம் படிக்கும் பிள்ளைகள் பருவத்தேர்வுக்காக எடுக்கும், பத்து நிமிடத்துக்கு உட்பட்ட படங்கள். அலாரம் அடித்து நாயகன் கண்விழிக்கும் காட்சியில் தொடங்குபவற்றை முதலில் விலக்கத்தான் எண்ணினோம். விலக்கினால் ஆய்வுப்பொருள் எதுவும் மிஞ்சாது என்பதால் சேர்த்துக்கொண்டோம்.

படப்பிடிப்பு நடப்பது நண்பனின் வாடகை அறையில். விசிறி சுழன்றால் அதன் இரைச்சல் வசனத்தோடு பதிவாகும். நிறுத்தினால் சட்டை முதுகோடு ஒட்டி, அடுத்த ஷாட்டில் கன்டினியூட்டி உதைக்கும். ஆகவே முதல் டேக் விசிறியோடு, இரண்டாவது டேக் விசிறி இல்லாமல். மூன்றாவதில் யாரோ இரக்கப்பட்டு ரெகுலேட்டரை இரண்டில் வைத்திருப்பார்கள். அங்கிருக்கும் எவர் காதுக்கும் இது உறைக்காது. ஓயாமல் வரும் ஓசையை மனிதச் செவி சற்று நேரத்தில் கழித்துவிடும். மைக்குக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. யாராவது சந்தேகம் எழுப்பினால், “மச்சான், அதெல்லாம் போஸ்ட்ல பாத்துக்கலாம்டா” என்ற மகாவாக்கியம் ஒலிக்கும்.

போஸ்ட்டில் பார்க்கிறார்கள். நாயகன் பேசும்போது ‘ஹூ’ என்ற இரைச்சல், நாயகி பதில் சொன்னால் நிசப்தம், மறுபடி நாயகன், மறுபடி ‘ஹூ’. ஒரே கட்டிலில் உட்கார்ந்திருக்கும் காதலர் இருவர் வேறு வேறு மாவட்டங்களிலிருந்து பேசுகிறார்கள். ஒவ்வொரு வெட்டும் காதில் விழுகிறது. கண்ணுக்குத் தெரியாதபடி வெட்டுவதே எடிட்டரின் கலை என்றால், காதுக்குத் தெரிந்துவிட்டபின் அந்தக் கலைக்கு அங்கே வேலையில்லை.

இதற்கு முறையான மருந்து உண்டு. காட்சி முடிந்ததும் அதே அறையின் வெறும் ஓசையை அரை நிமிடம் தனியே பதிவு செய்து, வெட்டுகளுக்கு அடியில் ஒரே சீராக விரிக்க வேண்டும். ரூம் டோன் என்பார்கள். பாடத்திட்டத்தில் இருக்கிறது, தேர்வில் கேள்வியாக வருகிறது, படப்பிடிப்பில் மட்டும் நடப்பதில்லை. தடை தொழில்நுட்பம் சார்ந்ததன்று, சமூகவியல் சார்ந்தது: ‘கட்’ என்ற சொல்லுக்குப்பின் பத்து நண்பர்கள் முப்பது விநாடி வாய்மூடி நின்றதற்குச் சான்று எதையும் நாம் கண்டதில்லை.

இரண்டாவது வழி, இரைச்சலை நீக்கும் மென்பொருள். மின்கம்பியிலிருந்து வரும் ரீங்காரம் நம் நாட்டில் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் நிற்பது. அதைக் குறிபார்த்துக் களையலாம். விசிறியின் காற்றோசை அப்படிப்பட்டதல்ல. மனிதக் குரல் வாழும் அலைவரிசைகளிலேயே அதுவும் பரவிக் குடியிருக்கிறது. ஒன்றை விரட்டினால் மற்றதும் கூடவே கிளம்பும். நாற்பது சதவீதம் என்று சொல்லித் தொடங்கும் கை தொண்ணூறுக்குப் போகிறது. நாயகன் நீருக்கடியிலிருந்து காதலைச் சொல்கிறான்.

மூன்றாவது வழியே வயலின். அது எல்லாவற்றையும் மூடும். கருதுகோள் நிறுவப்பட்டது.

டப்பிங் செய்துவிட்டால் போயிற்று என்பர் மறுப்பாளர். மரபு அவர்கள் பக்கம்தான். 1931இல் ‘காளிதாஸ்’ வந்த நாளிலிருந்து தமிழ்ப்படம் பேசுகிறது. தொடக்கத்தில் நடித்தவரே அங்கேயே பேசினார், பாடினார். பிறகு இரைச்சலிடும் கேமராக்களும் வெளிப்புறப் படப்பிடிப்பும் வந்து, குரலை ஸ்டூடியோவுக்குள் அனுப்பிவிட்டன. 2004இல் ‘விருமாண்டி’ படப்பிடிப்புத் தளத்திலேயே ஒலியைப் பதிவு செய்தது சேதியாகப் பேசப்பட்டது என்றால் நிலைமை விளங்கும். ஆனால் ஸ்டூடியோ வாடகை மாணவருக்குக் கட்டாது. விடுதிக் கட்டிலில் போர்வைக்குள் தலையை விட்டு, போனைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள். ஒலியியல்படி இது சரியான முறைதான், பஞ்சும் துணியும் எதிரொலியை விழுங்கும். வினை வேறிடத்தில் விளைகிறது. மொட்டைமாடியில் நின்று பேசும் நாயகனின் குரல் போர்வைக்குள்ளிருந்து வருகிறது. காற்றில்லை, தெருவில்லை, காலடி ஓசைகூட இல்லை. வெற்றிடம் தாங்காமல் மறுபடி வயலின். இரு பாதைகளும் ஒரே ஊருக்கே போகின்றன.

காலடி ஓசையைக் கையால் செய்து சேர்க்கும் கலைக்கு, யுனிவர்சல் நிறுவனத்தில் வேலை பார்த்த ஜாக் ஃபோலியின் பெயரே நிலைத்துவிட்டது. எலும்பு முறியும் ஓசைக்கு ஹாலிவுட்டில் செலரித் தண்டை ஒடிப்பார்கள்; நம் விடுதிச் சமையலறையில் முருங்கைக்காய் இருக்கிறது. மழைக்கு அப்பளம் பொரியும் ஓசையை மெல்ல வைக்கலாம். செய்வார் இல்லை. இலவசமாக இறக்கிய ஒலித்தொகுப்பு செய்கிறது. அதனால்தான் குரோம்பேட்டை இரவில் எங்கோ வடதுருவத்துப் பறவை கூவுகிறது.

உதட்டோடு ஒலியைப் பொருத்துவது பற்றி ஒரு சொல். விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு ஏறத்தாழ 42 மில்லி விநாடி. அந்நேரத்தில் ஒலி சுமார் 14 மீட்டர் நடக்கும். பெசன்ட் நகர் கடற்கரையில் நாயகி அலையோரம் நின்று கைதட்ட, மைக் கேமராவின் தலையில் தூரத்தே இருந்தால், தட்டிய பிறகே ஓசை வந்து சேரும். கிளாப் போர்டு வாடகைக்கு எடுக்கத் தேவையில்லை, மைக்கின் அருகே நின்று கைதட்டினால் போதும். போனில் எடுத்தவருக்கு வேறொரு சோதனை: வெளிச்சத்துக்கேற்பப் பல போன்கள் ஃபிரேம் வேகத்தைத் தாமே மாற்றிக்கொள்ளும். முதல் நிமிடத்தில் பொருந்திய உதடு நான்காவதில் விலகிவிடும்.

எடிட்டிங் கோட்பாட்டில் வால்டர் மர்ச் மூத்தவர். ‘தி இங்கிலிஷ் பேஷன்ட்’ படத்துக்கு எடிட்டிங், ஒலி இரண்டுக்கும் ஆஸ்கர் வாங்கியவர். நல்ல வெட்டுக்கு உணர்ச்சி 51, கதை 23, தாளம் 10, கண்ணோட்டம் 7, திரைத்தளம் 5, இடத்தொடர்ச்சி 4 என்று மதிப்பெண் போட்டார். கூட்டினால் சரியாக நூறு. மாணவர் படத்தின் தலையாய காரணிக்கு அதில் இடமே விடவில்லை. பக்கத்து வீட்டு மாமியிடம் கெஞ்சிப் பெற்ற மொட்டைமாடி, கல்யாண வீடியோகிராஃபர் அண்ணன் ஓசியில் பறக்கவிட்ட ட்ரோன் ஆகியவை கதைக்கு வேண்டாவிட்டாலும் வெட்டப்படா. பட்ட பாடு திரையில் தெரிய வேண்டும் என்பது இப்பள்ளியின் கொள்கை.

பாடபேதச் சிக்கலும் உண்டு. உ.வே.சா. ஏடுகளை ஒப்பிட்டுச் சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தார். அவருக்குக் கரையான்தான் பகை. நமக்குக் கிடைப்பவை ‘பைனல்’, ‘பைனல் 2’, ‘ரியல் பைனல்’, ‘இதுதான் பைனல் தொடாதே’ என்னும் நான்கு சுவடிகள். இவற்றுள் மூத்தது எது என்று எழுதியவனுக்கே தெரியாது. மூலப்படங்கள் இருக்கும் பென்டிரைவ் நண்பனோடு திருநெல்வேலிக்குப் போயிருக்கும். ‘மீடியா ஆஃப்லைன்’ என்று திரை சிவக்கும்.

எல்லாம் முடிந்து கல்லூரிக் கருத்தரங்கக் கூடத்தில் திரையிடுவார்கள். லேப்டாப்பின் சிறிய ஸ்பீக்கர் இதுவரை மறைத்துவைத்த தாழ்ந்த உறுமல்களைக் கூடத்துப் பெட்டிகள் வெளியே கொண்டுவரும். வயலினுக்கு அடியில் விசிறி சுழல்வது கடைசி வரிசைக்கும் கேட்கும். கைதட்டல் அதையும் மூடும்.

ஆகவே இளைய இயக்குநர்களுக்கு ஒரு விண்ணப்பம். காட்சி முடிந்ததும் அரை நிமிடம் வாய்மூடி நில்லுங்கள், அறையைப் பதிவு செய்யுங்கள். விசிறியை ஒவ்வொரு டேக்கிலும் நிறுத்துங்கள். வியர்வையை ஒற்ற ஒரு நண்பனைத் துண்டோடு நிற்கவையுங்கள். ஃப்ரிட்ஜையும் அணையுங்கள். அணைக்குமுன் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள், ஒலிப்பதிவாளர்கள் கையாளும் பழைய உத்தி இது. சாவியை எடுக்கத் திறக்கும்போது ஃப்ரிட்ஜை மறுபடி போட வேண்டும் என்பது நினைவுக்கு வரும். வீட்டுக்காரம்மாவின் இட்லி மாவும் புளிக்காமல் தப்பும்.