பெட்டி ஏலம்

ஏலம் என்ற ஒரே சொல் விளைபொருளையும் அது விற்கப்படும் முறையையும் குறிக்கும் போடிநாயக்கனூரில், மூட்டை கட்டுதல் ஓர் அறிவியல். காயை உலர்த்தி, சலித்து, 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது தனி, 7 முதல் 8 வரை தனி எனப் பருமன் பார்த்துச் சாக்கில் அடக்கும் கையொழுங்கு இம்மலையடிவாரத்துக்குப் பழகியது. ஆயினும், 2022 நவம்பரில் தமிழக அரசுப் பள்ளி மாணவர்கள் ஷார்ஜா புத்தகக் கண்காட்சிக்கு அழைத்துச் செல்லப்பட்டதைப் போன்ற ஒரு பயணம் பிள்ளைக்கு வாய்க்குமானால், அந்த அறிவியல் வீட்டு வாசலிலேயே நின்றுவிடும்.

கைப்பை, அதாவது பயணி விமானத்துக்குள் தம்முடன் கொண்டுசெல்லும் பை, பொதுவாக 7 கிலோவைத் தாண்டலாகாது என்பது விமான நிறுவனத்தின் விதி. முறுக்கு மட்டுமே 3 கிலோ என்பது பாட்டியின் விதி. 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட திரவக் குப்பி அப்பையில் கூடாது என்பதால் நல்லெண்ணெய் விலக்கப்பட, இட்லிப்பொடி துணையின்றிப் புறப்படுகிறது. அத்தை அன்புடன் செருகிய கசகசா அமீரகத்தில் போதைப்பொருள் சட்டத்தின்கீழ்த் தடைசெய்யப்பட்டது எனத் தெரிந்ததும் வீடே விலங்கு பூட்டப்பட்டதுபோல் அதிர்கிறது.

இறுதியில், காவா எனப்படும் தம் காப்பியில் ஏலக்காயை நெடுங்காலமாக இட்டுப் பருகும் அரபு மக்களுக்கு, அவர்கள் கண்டிராத அரும்பொருளாக அரைக் கிலோ ஏலக்காய் பெட்டியின் நடுவில் அமர்த்தப்படுகிறது. கடவுச்சீட்டு மட்டும், தொலைந்துவிடக் கூடாது என்ற அக்கறையால், பீரோவிலேயே பத்திரமாக இருக்கிறது.