எச்.ஆரிடம் எவ்வளவு உண்மை?

கேள்வி: புது வேலைக்குப் பேசும்போது இப்போதைய சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் என்ன?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: கூட்டிச் சொல்லாதீர்கள், கூட்டிக் கேளுங்கள்! 'வாங்குவது 6 லட்சம், எதிர்பார்ப்பது 9' என்பதில் தப்பே இல்லை. வாங்குவதே 8 என்று அளந்துவிட்டால், கடைசி மூன்று மாத பே ஸ்லிப்பைக் கேட்கும்போது குட்டு உடைந்துவிடும். இடையில் வேலை பார்த்த கம்பெனியை மறைத்தாலும், 2014-இல் வந்த யு.ஏ.என். என்ற பொது பி.எஃப். எண் காட்டிக்கொடுக்கும்; சேர்ந்த தேதி, விலகிய தேதியெல்லாம் பி.எஃப். பதிவில் வரிசையாக நிற்கும். நோட்டீஸ் பீரியட் 90 நாள் என்றால் 90 என்றே சொல்லுங்கள். அதற்காக மேனேஜரோடு போட்ட சண்டை, கல்யாணத் திட்டம், கையிலிருக்கும் இன்னொரு ஆஃபரின் தொகை என எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. துருவிக் கேட்டால், 'அது என் சொந்த விஷயம்' என்று சிரித்தபடி நிறுத்திக்கொள்ளலாம். பொய்யும் வேண்டாம், வாக்குமூலமும் வேண்டாம்!