ரயில் சேர்த்த ஜோடி

கேள்வி: நாங்கள் காதலித்தது தாம்பரம் - கடற்கரை மின்சார ரயிலில். நிச்சயதார்த்தப் படங்களுக்கு ஊட்டிதான் சரி என்கிறார் போட்டோகிராபர். போகலாமா?
- ஒரு வாசகி, குரோம்பேட்டை

பதில்: ஊட்டி ஊருக்கே பொது. 1931 முதல் ஓடும் மின்சார ரயில்தான் உங்களுக்குக் கமிஷன் வாங்காத தரகர், அவரை விட்டுவிடலாமா? ஞாயிறு காலை, கூட்டமில்லாத நேரம் பாருங்கள். வாடகை கவுன் வேண்டாம். அலுவலகத்துக்கு உடுத்தும் பருத்திச் சேலை, தோளில் டிபன் பை, மாப்பிள்ளை கையில் ஓரம் கசங்கிய சீசன் டிக்கெட். அந்த டிக்கெட்டை மட்டும் தனியாக ஒரு குளோசப் எடுக்கச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். ரயில்வேயிடம் முன்னதாகவே அனுமதி வாங்கிவிடுங்கள். தண்டவாளத்தில் இறங்கி மட்டும் போஸ் கொடுக்காதீர்கள். உயிருக்கு ஆபத்து, 1989 ரயில்வே சட்டப்படி 6 மாதம் வரை சிறையும் உண்டு. தாலி ஏறும் முன்பே மாமியார் வீட்டுக்குப் போகவேண்டாம், தாயே!