எண்ணெய்க்கும் ஒரு வெப்பமானி

கேள்வி: எம்.ஜி.பி. போன்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரில் தண்ணீரின் சூட்டைக் காட்டும் முள் இருக்கும்போது, எண்ணெய்க்குத் தனியாக ஒரு வெப்பமானி எதற்கு?

பதில்: ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான், ஆனால் எஞ்சினில் தண்ணீர் ஒரு பானை, எண்ணெய் வேறொரு பானை. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் உருவான அந்தக் காரின் 1798 சி.சி. எஞ்சினில், தண்ணீர் முள் நடுவில் வந்து நின்ற பின்னும் எண்ணெய் குளிர்ந்து கெட்டியாகவே இருக்கும் என்பதால், அது 80 டிகிரி செல்சியஸை எட்டும்வரை எஞ்சினை விரட்டாமல் ஓட்டுவதே நல்லது. 120 டிகிரியைத் தாண்டினாலோ எண்ணெய் நீர்த்து, பேரிங்குகளைக் காக்கும் மென்படலம் மெலிந்துவிடும். சூட்டை உணரும் சென்சாரை, சம்ப் எனப்படும் அடித்தொட்டியின் வடிதிருகு இருக்கும் இடத்தில், புதிய செம்பு வாஷரோடு, மரை பொருந்துகிறதா என்று பார்த்துப் பொருத்தலாம். 1967 வரையிலான வண்டிகளில் பேட்டரியின் நேர்முனையே உடற்கூட்டோடு இணைந்திருப்பதால், அதற்கேற்ற மானியைத் தேர்வது அவசியம். காற்றால் குளிரும் பழைய போர்ஷே 911-இல் தண்ணீரே இல்லாததால், எஞ்சினின் காய்ச்சலைச் சொல்லும் பொறுப்பு தொடக்கத்திலிருந்தே எண்ணெய் மானியிடம் இருந்தது.